பாதாமா, வெள்ளரிக்காயா: நான் நம்பிய அட்டவணை

கேள்வி: கொட்டைப் பருப்புகள், பச்சைக் (வேகவைக்காத) காய்கறிகள் இவ்விரண்டில் சத்து மிகுந்தது எது? அலுவலகத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதென்றால் எதை எடுத்துச் செல்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு நானே ஒரு விடை கண்டுபிடித்து, அது தவறு என்று தெரியாமல் நான்கு மாதங்கள் அதன்படி நடந்தவன் நான். நீங்களும் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவராகவும், அண்மையில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கவலைப்பட்டவராகவும் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருத்துவனும் அல்லன், உணவியல் படித்தவனும் அல்லன். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். நிலக்கடலையையும் கொட்டைப் பருப்போடு சேர்த்தே பேசப் போகிறேன். “நிலக்கடலை கொட்டை வகையே அல்ல, அது அவரைக் குடும்பம்” என்று கீழே எழுத நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 567 கலோரி, 26 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு இருக்கின்றன. பாதாமில் 579 கலோரி, 21 கிராம் புரதம், 50 கிராம் கொழுப்பு. சத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில் தவறில்லை. அதோடு, நிலக்கடலையை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது. என் அப்பா ஜோர்ஜ்டவுன் திரையரங்குகளின் வாசலில் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்றுத்தான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தீபாவளிக்குப் பாதாம் பெட்டி வாங்கிக் கொடுப்பவர்கள் நிலக்கடலையை ஏழையின் தீனி என்று தள்ளி வைப்பதைக் காணும்போது இன்றும் எனக்கு மனம் நோகிறது. புரதத்தில் அது பாதாமுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. விலையோ பல மடங்கு குறைவு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து. இனிப்பு நீர் (நீரிழிவு) எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதே வாரத்தில் எங்கள் பகுதியில் ஒரு மண்டபத்தில் உடல்நலச் சொற்பொழிவு நடந்தது. பேசியவர் ஒரு வெள்ளரிக்காயைக் கையில் தூக்கிக் காட்டி, இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், இதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு சத்து கிடைத்ததாக நினைக்கிறீர்கள் என்றார். சொற்பொழிவு முடிந்ததும் கொட்டைப் பருப்பு மாவு டின் ஒன்று 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கப்பட்டது. நான் இரண்டு டின் வாங்கினேன். வெள்ளரிக்காயில் அத்தனை தண்ணீர் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு உண்மையை வைத்து, நோய்க்கு அஞ்சி வந்தவர்களைக் காய்கறியிலிருந்து பிரித்து விற்பனை செய்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அந்த மண்டபத்தில் என்னைவிட வயதானவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் பலர் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, வேலைப் பழக்கத்தில் ஓர் அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் பாதாமும் முந்திரியும், மறுபக்கம் வெள்ளரிக்காயும் முட்டைக்கோசும் கேரட்டும், எல்லாமே 100 கிராமுக்கு. பாதாமில் நார்ச்சத்து 12.5 கிராம், கேரட்டில் 2.8 கிராம். பாதாமில் பொட்டாசியம் 733 மில்லிகிராம், கேரட்டில் 320. மக்னீசியம், இரும்பு, புரதம் என்று எந்த வரிசையைப் பார்த்தாலும் பருப்புகளே முந்தி நின்றன. எண்கள் அனைத்தும் சரியானவை. அவற்றை நம்பி, மதியத் தட்டிலிருந்து காய்கறியை எடுத்துவிட்டு, நாள்தோறும் ஏறத்தாழ 150 கிராம் பாதாமும் உப்பு முந்திரியும் தின்னத் தொடங்கினேன். “என்னங்க, கோசைத் தொடவே இல்லையே” என்று மனைவி கேட்டபோதெல்லாம் அந்த அட்டவணையைத்தான் காட்டினேன். நான்கு மாதங்களில் எடை நான்கு கிலோ கூடியது. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் இருந்த உணவியல் ஆலோசகர் என்னைத் திட்டவில்லை. அட்டவணையை வாங்கிப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, இதையே 100 கிராமுக்குப் பதிலாக 100 கலோரிக்குப் போட்டுப் பாருங்கள் என்றார். அங்கேயே கணக்கிட்டேன். 100 கலோரிக்குப் பாதாமில் நார்ச்சத்து 2 கிராமுக்குச் சற்று மேல். பச்சை முட்டைக்கோசில் 10 கிராம். பொட்டாசியம் பாதாமில் 127 மில்லிகிராம், கேரட்டில் 780. புரதத்தில்கூட முட்டைக்கோசு 5 கிராம், பாதாம் 3.7 கிராம். அப்படியானால் காய்கறிதான் சிறந்ததா என்று கேட்டேன். அந்த 100 கலோரிக்கு 400 கிராம் பச்சைக் கோசு தின்ன வேண்டும், உங்களால் முடியுமா என்று திருப்பிக் கேட்டார். ஒருவர் உண்மையில் எவ்வளவு தின்கிறாரோ அந்த அளவுக்குக் கணக்கிட வேண்டும், மற்ற இரண்டு அளவுகளும் ஏமாற்றும் என்று அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய விடை.

பருப்பு என்றால் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். அந்த அளவு பாதாமில் 174 கலோரி, 6 கிராம் புரதம், ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஈ-யில் பாதி, 80 மில்லிகிராம் மக்னீசியம், நல்ல வகைக் கொழுப்பு ஆகியவை கிடைக்கின்றன. ஆனால் வைட்டமின் சி பாதாமில் இல்லை. வைட்டமின் ஏ-யும் பெயரளவுக்குத்தான். 150 கிராம் பச்சை முட்டைக்கோசில் 38 கலோரிதான். வைட்டமின் சி மட்டும் 55 மில்லிகிராம் இருக்கிறது. சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்கே ஏறத்தாழ 128 மில்லிகிராம் உண்டு. வேகவைத்தால் இந்தச் சத்தில் ஒரு பகுதி தண்ணீரிலும் சூட்டிலும் போய்விடுவதால்தான் பச்சையாகத் தின்பதற்குப் பொருள் இருக்கிறது. நான் தின்ற 150 கிராம் பருப்போ 850 கலோரிக்கும் மேல், கிட்டத்தட்ட மூன்று ரொட்டி சானாய்க்குச் சமம். அதை வழக்கமான சோற்றுக்கு மேல் தின்றிருக்கிறேன்.

பருப்பு எடையைக் கூட்டும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அளவோடு தின்றால் அது பசியைத் தாங்கும். முழுப் பாதாமிலிருந்து நம் உடல் எடுத்துக்கொள்ளும் கலோரி, பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைவிட நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்று அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். மெல்லும்போது உடையாத செல்களுக்குள் கொழுப்பின் ஒரு பகுதி சிக்கிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. மாவாக அரைத்தால் அந்தச் செல்கள் உடைந்துவிடும். நான் வாங்கிய டின்களை நினைக்கும்போது இதுவும் நினைவுக்கு வருகிறது. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து, 2013இல் வெளியாகி, 2018இல் திருத்தி மறுபடியும் வெளியிடப்பட்ட பிரெடிமெட் ஆய்வைப் பருப்பின் பெருமைக்குச் சான்றாகப் பலரும் காட்டுவார்கள். அதில் ஒரு பிரிவினர் நாளைக்கு 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலந்து தின்றார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் குறைந்தன. ஆனால் அவர்கள் காய்கறியும் பழமும் நிறைந்த உணவோடு சேர்த்தே அதைத் தின்றார்கள் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

சேர்த்துத் தின்பதற்கு உடலளவிலும் காரணம் உண்டு. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். வெறும் கேரட்டில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். பருப்பில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதன் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்கறியின் வைட்டமின் சி அந்த இரும்பை உடலுக்குள் போக உதவுகிறது. நம் ஊர் பசெம்பூரில் வெள்ளரியும் செங்குவாங் கிழங்கும் துருவிப் போட்டு நிலக்கடலை சேர்ந்த குழம்பை ஊற்றுவதும், காய்கறியில் நிலக்கடலைக் குழம்பு சேர்க்கும் காடோ-காடோவும் இந்தச் சேர்க்கைதான். குழம்பின் சர்க்கரையையும் பொரித்த வடைகளையும் மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக இரண்டையுமே மருத்துவரைக் கேட்டுத்தான் தின்ன வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் பச்சைக் கீரையின் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது.

ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதென்றால் பருப்பை எடுத்துச் செல்லுங்கள். வல்லாரையும் சிறகவரையும் நறுக்கிய வெள்ளரியும் நம் வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்குள் வாடிவிடும். பருப்பு மேசை இழுப்பறையில் வாரக்கணக்கில் கெடாது. காய்கறிகளை நன்றாகக் கழுவி வீட்டில் இரவு உணவோடு தின்னுங்கள். நம் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரு’ (கால், கால், அரை) தட்டில் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. போதிய அளவு அவற்றைத் தின்னாத பெரியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு சொன்னது. நான் அப்போது அந்தத் தொண்ணூற்றைந்தில் ஒருவன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லெபோ பசாரில் உப்புப் போடாத, எண்ணெயில் பொரிக்காத நிலக்கடலையைக் கேட்டு வாங்கி, சமையலறைத் தராசில் 30 கிராமாக நிறுத்து, ஐந்து சிறு டப்பாக்களில் போட்டு வைக்கிறேன். முதல் மாதம் மட்டுமாவது எடை போட்டுப் பாருங்கள். கைப்பிடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தராசில் 55 கிராம் காட்டியது.