விபத்துக்குப் பிறகு பள்ளியில் தரும் மனநலப் படிவத்தைப் பிள்ளையை நிரப்பவிடலாமா?

கேட்டிருப்பவர் ஒரு அம்மா. பள்ளி வேன் கவிழ்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பத்து வயது மகனும் யு.கே.ஜி. படிக்கும் மகளும் உள்ளே இருந்திருக்கிறார்கள், பெரிய அடி இல்லை. இப்போது மகனுக்குப் பள்ளியிலிருந்து எட்டுக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வந்திருக்கிறது. "பையன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, மறந்துவிட்டான். இதைக் கொடுத்தால் கிளறிவிட்டது போல ஆகிவிடாதா?" என்று கேட்கிறார்.

நிரப்பவிடுங்கள் அம்மா. பள்ளிகளில் ஆலோசகராக வேலை பார்க்கிறவள் நான். "பேசுவதே இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எட்டுக் கேள்வி என்பதால் அது பெரும்பாலும் கிரைஸ்-8 (CRIES-8) ஆகத்தான் இருக்கும், ஒரு அதிர்ச்சி பிள்ளையின் மனதை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று பார்க்கும் படிவம். எட்டு வயதுக்கு மேல், தானே படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானது. நான்கு கேள்விகள், அந்த நினைவு வேண்டாமென்றாலும் வந்து தொந்தரவு செய்கிறதா என்று கேட்கும். மீதி நான்கு ஒதுங்குவதைப் பற்றியவை. அதைப் பேசாமல் தவிர்க்கிறாயா, ஞாபகப்படுத்தும் இடங்களை விட்டு விலகிப் போகிறாயா என்பது மாதிரி. கடந்த ஏழு நாளை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, எப்போதாவது 1, சில நேரம் 3, அடிக்கடி 5. மொத்தம் 40. அதில் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணர் ஒருவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். நோய் இருக்கிறது என்ற முடிவு அல்ல அது. 17க்குக் கீழே வந்துவிட்டால் கவலையே வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

அன்றைக்கு என்ன நடந்தது, யார் அழுதார்கள், ரத்தம் பார்த்தாயா என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. கிளறுவது என்று நாம் பயப்படுவது அந்த மாதிரிக் கேள்விகளைத்தானே. படிவத்தை நிரப்பும்போது சில பிள்ளைகளுக்குக் கண் கலங்கும், கொஞ்ச நேரம் கழித்து விளையாடப் போய்விடுவார்கள். புதிதாக ஒரு பயத்தை அந்தக் கேள்விகள் மனதில் போடுவதில்லை.

பேசாமல் இருப்பதை நாம் மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். படிவம் அதையே ஓர் அறிகுறியாக எண்ணுகிறது. அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது நடந்த விபத்தில் அவரை இழந்த ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி அவள் டீச்சர் என்னிடம் நல்லவிதமாகத்தான் சொன்னார். ரொம்ப அடக்கம், மார்க்கும் ஏறியிருக்கிறது என்று. அவள் கொடுத்த தாளில் ஒதுங்குதல் பற்றிய நான்குக்கும் "அடிக்கடி" என்று டிக் அடித்திருந்தாள். ஒரு டிக்கில் பேனா அழுந்திப் பேப்பரே கிழிந்திருந்தது. அப்புறம் பேசியபோதுதான் தெரிந்தது, விபத்து நடந்த முக்குரோட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத் தினமும் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். தோழியோடு பேசிக்கொண்டு போகத்தான் அந்த வழி என்று அம்மா நினைத்திருந்தார்.

1976 ஜூலையில் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்து ஒன்றைக் கடத்தினார்கள். 26 பிள்ளைகளையும் டிரைவரையும் மண்ணுக்கடியில் புதைத்துவைத்த லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். அவர்களே வழி செய்துகொண்டு வெளியே வந்தார்கள், எல்லோரும் உயிரோடு. பிள்ளைகள் சரியாகிவிடுவார்கள் என்றுதான் ஊரே நம்பியது. மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளைகளிடம் நேரில் பேசிய மனநல மருத்துவர் லெனோர் டெர், யாருமே பாதிக்கப்படாமல் தப்பவில்லை என்று கண்டார். நான்கு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தப் பாதிப்பு விலகவில்லை. இதெல்லாம் பெற்றோர் கண்ணில் படவில்லை என்றால் அவர்களுக்குப் பாசம் குறைவு என்று நான் சொல்லவில்லை. அம்மா அழுவாள் என்று தெரிந்தால் பிள்ளை மறைக்கும். அதனால்தான் பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்கிறேன், அதுவும் தனியாக. நீங்கள் பக்கத்தில் நின்று "அப்படியெல்லாம் இல்லைன்னு போடு" என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. வட கிழக்கு இலங்கையில் போரையும் சுனாமியையும் பார்த்த 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. சுமார் 30 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் மனதைப் பாதித்ததில் போர், சுனாமியோடு வீட்டு அடியும் சேர்ந்திருந்தது. அப்பாவின் குடி இருந்த வீடுகளில் அடியும் அதிகம். ஆகவே, வேனைப் பற்றிக் கேட்கப் போய் வேறு ஏதாவது வெளியே வரலாம். நல்ல ஆலோசகர் அதற்கும் தயாராக இருப்பார். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அவர் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஒன்றரை மாதம் என்பது சரியான நேரம்தான். முதல் சில வாரங்களில் திடுக்கிட்டு எழுவது, படுக்கை நனைவது, அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை, பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால்தான் நோய் என்ற பேச்சே வரும். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், தவறில்லை. அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான் உண்மையில் கோபப்படுவது வேறு விஷயத்துக்கு. படிவத்தை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளை மனதைத் திறந்து சொன்ன பிறகு யாருமே வரவில்லை என்றால் அடுத்த முறை எதற்குச் சொல்வான்? கையெழுத்துப் போடும் முன் பள்ளியில் கேளுங்கள்: மதிப்பெண் அதிகமாக வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில், அந்தத் தாள் யார் கையில் இருக்கும்? சரியான பதில் இல்லையென்றால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். 14416க்கு அழைத்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இந்த மாதிரி அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 12 முதல் 16 அமர்வு வரை போகும், பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு எடுத்ததும் மாத்திரை தேவைப்படுவதில்லை.

மகளுக்கு இந்தப் படிவம் பொருந்தாது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளிடம் இந்த நோயைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இலேயே தனி அளவுகோல் வகுத்துவிட்டது. அவளிடம் வாயால் கேட்பதைவிட விளையாட்டைப் பாருங்கள். பொம்மைக் காரைக் கவிழ்ப்பதையே சிரிப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்கிறாளா, யாராவது கூப்பிட்டாலும் நிறுத்த முடியவில்லையா என்று கவனியுங்கள். திட்டாதீர்கள், பிடுங்கவும் வேண்டாம். எப்போது, எப்படி விளையாடினாள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து, அண்ணனைப் பார்க்கும் ஆலோசகரிடமே கொடுங்கள்.