டீச்சரைக் கேளுங்கள்: 38 கிலோ கல்லும் ஒன் ஆர்எம் கணக்கும்

பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தக்கலைப் பக்கம் பெண்களுக்கான ஜிம் நடத்தும் நம் டீச்சருக்கு இந்த முறை வந்ததெல்லாம் டிரெய்னர் ஆக நினைப்பவர்களின் கேள்விகள்.

கேள்வி: பெர்சனல் டிரெய்னர் தேர்வுக்குப் படிக்கிறேன் டீச்சர். ஸ்ட்ரென்த், எண்டியூரன்ஸ், ஒன் ஆர்எம் எல்லாம் மனப்பாடம். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் குழம்பிவிடுகிறேன்.
– வாசகர், கருங்கல்

பதில்: பத்மநாபபுரம் அரண்மனையில் பீடத்தின் மேல் ஓர் உருண்டைக் கல் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். 38 கிலோ. படையில் சேர வருகிறவன் அதை 101 தடவை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்தச் சோதனை எதை அளக்கிறது என்று யோசியுங்கள், உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு தடவை, ஃபார்ம், அதாவது தூக்கும் முறை, கெடாமல் தூக்க முடிகிற அதிகபட்ச எடை ஒன் ஆர்எம். வலிமையை அளப்பது அதுதான். அந்தக் கல் கேட்பது மஸ்குலர் எண்டியூரன்ஸ், அதாவது தசை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது. அதற்காக வலிமை வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். 40 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாதவனுக்கு இந்தக் கல் இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகாது.

இன்னொன்று. புதிதாக வருகிறவரை உச்ச எடை தூக்க வைத்துச் சோதிக்கவே கூடாது. எப்லி சூத்திரம் போதும்: ரெப், அதாவது தூக்கிய தடவை, எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 50 கிலோவை 10 தடவை தூக்கினால் ஒன் ஆர்எம் ஏறக்குறைய 67 கிலோ. இதில் அந்த 38 கிலோவையும் 101 தடவையையும் போட்டுப் பாருங்கள், 166 கிலோ என்று வரும்! அந்தக் காலத்துப் படையாளியை எவ்வளவு உசத்தியாக நினைத்தாலும் அதை நான் நம்பமாட்டேன். பத்து ரெப்புக்கு மேல் போனால் சூத்திரம் தடம் புரண்டுவிடும்.

ரெப் அளவுகளையும் கேட்பார்கள். தசை பெருப்பதற்கு, அதாவது ஹைப்பர்ட்ரஃபிக்கு, 6 முதல் 12 என்று எழுதுங்கள், மார்க் வரும். நிஜத்தில், இனி ஒன்றுகூட வராது என்கிற நிலைக்குப் பக்கத்தில் செட்டை, அதாவது நிறுத்தாமல் தூக்கும் ஒரு சுற்றை, முடித்தால் 20 ரெப்பிலும் தசை வளரும்.

கேள்வி: நண்பர்களோடு மருந்துவாழ்மலை ஏறி இறங்கினேன். மறுநாள் லேசான வலிதான். அதற்கடுத்த நாள் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்கிறார் எங்கள் ஜிம் மாஸ்டர். சரியா?
– வாசகி, சுசீந்திரம்

பதில்: மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். உழைக்கும்போது தசையில் கூடுகிற லாக்டேட், ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரம் போலக் கழியும்போதே பழைய அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வலிக்க அது அங்கே இருக்காது.

தாமதமாக வரும் இந்தத் தசை வலிக்கு டாம்ஸ் என்று பெயர். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். வலியைக் கொடுத்தது மலை ஏறியது இல்லை, இறங்கியதுதான். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும், அது கான்சென்ட்ரிக். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு எடையைப் பிரேக் போட்டுத் தாங்கும், அது எக்சென்ட்ரிக். பழக்கமில்லாத எக்சென்ட்ரிக் வேலையில் தசை நார்களில் நுண்ணிய சிதைவு வரும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஏறி இறங்குங்கள், இவ்வளவு வலிக்காது. ஆனால் வலியும் வீக்கமும் கடுமையாக இருந்து, சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: கொழுப்பு தசையாக மாறுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: மட்டிப் பழம் மரச்சீனிக் கிழங்காக மாறுமா?

கேள்வி: பயிற்சிக்கு வரும் 54 வயதுக்காரர் பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். அதிகபட்ச இதயத் துடிப்புக்கு 220-இல் வயதைக் கழித்தால் 166. எவ்வளவு முக்கினாலும் அவர் துடிப்பு 120-ஐத் தாண்டவில்லை. வாட்ச் ரிப்பேரா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வாட்சைக் குறை சொல்லும் முன் மாத்திரைப் பெயரைக் கேளுங்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி பீட்டா பிளாக்கராக இருந்தால், இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. 166-ஐக் குறிவைத்து அவரை ஓடவிட்டால் ஆபத்து. மருந்து இல்லாதவருக்கே இந்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆகும்.

இவருக்கு ஆர்பிஈ பயன்படுத்துங்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரே எண்ணில் சொல்வது. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். 12, 13 போதும். அதுவும் கஷ்டமாகப்பட்டால் பேச்சுக் கொடுங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எந்த அளவு வரை போகலாம் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். மாத்திரை விவரத்தை முதல் நாளே படிவத்தில் எழுதி வாங்க வேண்டும், மூன்றாவது வாரம் துடிப்பு ஏறவில்லை என்று விழித்த பிறகு இல்லை.

கேள்வி: டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது, 100 கிலோ தூக்குவேன். அப்பாவோடு கடற்கரையில் கரமடி வலை இழுக்கப் போனால் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகிறது. ஜிம் பக்கமே போகாத அப்பா கடைசி வரை இழுக்கிறார். எப்படி டீச்சர்?
– வாசகர், குளச்சல்

பதில்: மக்களே, இதற்கு ஸ்பெசிபிசிட்டி என்று பெயர். எந்த வேலையைக் கொடுக்கிறாயோ அதற்குத்தான் உடம்பு பழகும். உன் டெட்லிஃப்ட் சில நொடியில் முடிகிற வேலை. தசையில் ஏற்கெனவே இருக்கிற உடனடி சக்திப் பொருட்களான ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் அதற்குப் போதும். பத்து நொடி போல ஓடும் இருப்பு அது. கரமடியோ நீண்ட நேர வேலை, ஆக்சிஜன் இல்லாமல் நடக்காது. அதோடு கயிற்றை இறுக்கிப் பிடித்தே இருப்பது ஐசோமெட்ரிக், அதாவது தசை நீளாமலும் குறுகாமலும் வேலை செய்வது. அழுத்திப் பிடித்த தசைக்குள் ரத்தம் சரியாகப் பாயாது, சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அப்பா இழுக்கும்போது பார். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, எடையைக் காலுக்குக் கொடுத்திருப்பார். நீ கையால் இழுப்பாய்.

வாரம் இரண்டு நாள் கம்பியில் துண்டைப் போட்டுத் தொங்கு, இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து நட. நேரத்தையோ எடையையோ ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. புரோகிரசிவ் ஓவர்லோட் என்று புத்தகத்தில் படித்தது இதுதான். அப்புறம், அந்த 100 கிலோவை, கைப்பிடிக்கு உதவும் ஸ்ட்ராப் சுற்றிக்கொண்டா தூக்குகிறாய்? முதலில் அதைக் கழற்றிவிட்டு எவ்வளவு வருகிறது என்று எழுது.