கடல் எங்கள் வாசற்படிக்கு எப்போது வரும்? – வாசகர் கேள்வி பதில்

கடலோர ஊர்களில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு, இந்த இதழில்.

கேள்வி: கடலோரக் கிராமங்களுக்கு மூன்று மாத விழிப்புணர்வுத் திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள். துண்டறிக்கை, தெரு நாடகம், சுவரொட்டி என்று பட்டியல் தயார். எதில் தொடங்கலாம்?

பதில்: அந்தப் பட்டியலை மடித்து ஓரமாக வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: யார், என்ன முடிவு எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள். படகுக்காரர், புயல் பருவம் தொடங்குமுன் எஞ்சினை எந்த மேட்டில் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வீடு கட்டப் போகிறவர் கடைக்கால் தோண்டுமுன் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது என்று. கிணற்றுத் தண்ணீர் உப்பு ஏறுகிற வீட்டுக்காரர், இன்னும் ஆழமாகத் தோண்டுவதா, மழைநீர்த் தொட்டி வைப்பதா என்று. (ஆழமாகத் தோண்டினால் பெரும்பாலும் உப்பு இன்னும் சீக்கிரம் ஏறும். நன்னீர் மேலே மிதக்கிறது, உப்புநீர் அடியில் இருக்கிறது.) "மக்களுக்கு விழிப்புணர்வு வர வேண்டும்" என்பதை இந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. எழுத முடியாததைப் பேசியும் பயனில்லை.

பிறகு கேட்கப் போங்கள். பதினைந்து இருபது வீடு போதும், மூன்றே கேள்வி: கடைசியாகத் தண்ணீர் எதுவரை வந்தது? அப்போது முதல் வேலையாக என்ன செய்தீர்கள்? யார் சொன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவீர்கள்? மூன்றாவதன் பதிலில்தான் உங்கள் பேச்சாளர் இருக்கிறார். பெரும்பாலும் அது நீங்களாக இருக்காது.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். 1991 வங்கதேசப் புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, எச்சரிக்கை கடைத்தெருவில் ஆண்களுக்குள்ளேயே நின்றுபோனது. இன்னொன்று, வீட்டில் இருந்தவர்கள் கிளம்பலாமா என்று கேட்க ஆள் வருவதற்காகக் காத்திருந்தது.

பன்னிரண்டு வாரத்தில் முதல் மூன்றைக் கேட்பதற்கும், அடுத்த இரண்டை எழுதிச் சோதிப்பதற்கும் ஒதுக்குங்கள். சோதனை எளிது. இதற்கு முன் அந்தச் செய்தியைக் கேட்டிராத ஆறு பேரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தாளை வாங்கிக்கொண்டு, "இதைக் கேட்டபின் நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆறில் இரண்டு பேர் வேறு ஏதோ சொன்னால் தப்பு வாக்கியத்தில் இருக்கிறது. அச்சகத்துக்குப் போவது அதற்கப்புறம்.

கேள்வி: "கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்கிறது" என்று கூட்டத்தில் சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். எண்ணில் தவறா?

பதில்: எண் சரிதான். 2006 முதல் 2018 வரையிலான உலகச் சராசரி அது. சிரிப்பும் நியாயம்தான். தினமும் ஆளுயர அலையைத் தாண்டிப் படகு விடுகிறவரிடம் அரிசி மணி அகலத்தைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்திருக்கிறீர்கள்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியது, அடுத்த பெரிய ஓதமும் (நிலவின் கணக்கில் கடல் ஏறி நிற்பது) அடுத்த புயல் வெள்ளமும் இந்த உயர்வின் தோளில் ஏறித்தான் வரும் என்பது. 1901 முதல் 2018 வரை கடல் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, 1995–2014 சராசரியோடு ஒப்பிட்டால் 2050க்குள் உலகச் சராசரி ஏறக்குறைய 20 செ.மீ. உயரும். பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வு கூடினாலும் குறைந்தாலும் அதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதற்குப் பின்தான்: 2100க்குள், உமிழ்வைக் கடுமையாகக் குறைத்தால் 28–55 செ.மீ., மிக அதிகமாக விட்டுவைத்தால் 63–101 செ.மீ.

இதைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். எல்லாரும் கடந்து போகிற ஒரு சுவரில் மூன்று கோடு போடுங்கள். முதல் கோடு, காற்றில்லாத நாளில் ஆண்டின் மிக உயர்ந்த ஓதம் தொட்ட மட்டம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் பார்க்க வேண்டும். இரண்டாவது, கடைசி வெள்ளத்தின் மட்டம். மூன்றாவது, அதற்கு மேலே 20 செ.மீ. உங்கள் கரைக்கென்று கடலியல் துறையின் தனிக் கணக்கு இருந்தால் அந்த அளவையே போடுங்கள்.

இதில் கோட்டை விடுகிற இடங்கள் சில உண்டு. வெள்ள மட்டத்தை வீட்டுக்கு வெளிச்சுவரில் பார்த்தால் அலை அடித்த உயரமும் சேர்ந்துவிடும். உள்சுவரில் சேறு படிந்த வரியைப் பாருங்கள், குறைந்தது மூன்று வீட்டில். அந்த மட்டத்தைச் சுவருக்குக் கொண்டுவரக் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் குழாய் போதும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் கோடு பல அங்குலம் தள்ளிப்போகும். அதனால் தண்ணீரை மெதுவாக நிரப்பி, இரண்டு முனையையும் பக்கத்தில் பிடித்து, மட்டம் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். "இடுப்பளவு வந்தது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தரை சரிவாக இருக்கும், எந்த வாசலில் நின்ற இடுப்பு என்பது முக்கியம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வரைபடத்தில் உள்ள சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்து கோடு போடுவது. சராசரி என்பது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில். அப்படிப் போட்ட "2050 கோடு" இன்றைய ஓதத்திலேயே மூழ்கக்கூடும். மூழ்கிய அன்றோடு உங்கள் பேச்சும் முடிந்தது.

முதல் கூட்டத்தை அந்தப் பெரிய ஓதம் வரும் நாளில், அந்தச் சுவரடியிலேயே வையுங்கள். காலடியில் தண்ணீர் நிற்கும்போது படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: "நூறாண்டு வெள்ளம்" வந்து பத்து வருடம்தான் ஆகிறது, இனி என் பேரன் காலத்தில்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: அந்தச் சொல்லே ஏமாற்றும், கைவிடுங்கள். எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்ததால் இந்த வருடம் வாய்ப்பு குறைவதில்லை. 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால் குறைந்தது ஒரு முறையாவது அது வர 26 விழுக்காடு வாய்ப்பு. அதாவது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கடல் உயராமல் இருந்தாலும் இதுதான் கணக்கு. முன்பு நூற்றாண்டுக்கொருமுறை வந்த கடல் மட்டத்தை, உலகில் அளவெடுக்கும் நிலையங்களில் பாதிக்கு மேற்பட்டவை 2100க்குள் ஆண்டுதோறும் பார்க்கக்கூடும் என்று அதே ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்கிறது.

கேள்வி: எங்கள் கரை அரிக்கப்படுவதற்குப் பக்கத்தில் கட்டிய கல் தடுப்புதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. பருவநிலை மாற்றம் என்று நாங்கள் பேசினால் யாரையோ காப்பாற்றப் பேசுவதாகச் சந்தேகப்படுகிறார்கள்.

பதில்: ஊர் சொல்வது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில் அதைப் பாருங்கள். கரையோரம் மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல் தடுப்போ துறைமுகச் சுவரோ வந்தால், மணல் வருகிற பக்கம் கரை வீங்கும், மறுபக்கம் கரையும். ஆற்றில் அணை கட்டினாலும் மணல் அள்ளினாலும் வரத்தே குறைந்து நீண்ட தூரம் கரை பின்வாங்கும். நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையே தாழும் ஊர்களும் உண்டு. ஜகார்த்தாவின் வடபகுதி ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே கடல் உயர்வைவிடத் தரைத் தாழ்வுதான் பெரிய கை.

ஊராரோடு சேர்ந்தே அளக்கலாம். தடுப்பின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு கம்பம் நட்டு, அங்கிருந்து மணல் விளிம்பு வரை கயிறு பிடியுங்கள். அதே கம்பத்தில் நின்று ஒரு புகைப்படமும் எடுங்கள். ஓதம் ஒரே நிலையில் இருக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில். கடல் முரடாக இருக்கும் பருவத்தில் கரை ஒடுங்குவதும் அமைதியானதும் மீள்வதும் இயல்பு. அந்த மாதத்தை இந்த மாதத்தோடு ஒப்பிட்டால் பொய்யான அரிப்பு தெரியும். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் கரைந்தால் முதல் குற்றவாளி தடுப்புதான். இரு பக்கமும் பல கிலோமீட்டருக்குக் கரைந்தால் மணல் வரத்து, தரைத் தாழ்வு, கடல் உயர்வு மூன்றையும் பாருங்கள்.

கண்டதை அப்படியே சொல்லுங்கள்: "இங்கே கரையை இப்போது தின்பது தடுப்பு. கடல் உயர்வு அதைக் கூட்டுகிறது. தடுப்பை அகற்றினாலும் ஓதம் ஏறுவது நிற்காது." எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடுகிற ஆளை, உண்மையாகவே பருவநிலை செய்யும் காரியத்திலும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கை கொடுத்தோம், புயல் திசை மாறிப் போய்விட்டது. "பொய் சொல்லி அலைக்கழித்தார்கள்" என்கிறார்கள். அடுத்த முறை கிளம்புவார்களா?

பதில்: நீங்கள் வாய் மூடிக்கொண்டால் கிளம்ப மாட்டார்கள். மறுநாளே, அதே குரலில், அதே வழியில் சொல்லுங்கள்: நேற்று மாலை தெரிந்தது இது, இரவில் மாறியது இது, மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் கிளம்பச் சொல்வோம். மன்னிப்பும் வேண்டாம், சமாளிப்பும் வேண்டாம்.

பாதைப் படத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நடுக்கோட்டைப் பார்த்து "நமக்கில்லை" என்று உட்காருவார்கள். 2004 ஆகஸ்டில் சார்லி புயலின் நடுக்கோடு புளோரிடாவின் தாம்பாவை நோக்கியிருந்தது. ஆனால் புயல், மையம் போகக்கூடிய பரப்பாக அந்தக் கோட்டைச் சுற்றி வரையும் கூம்புக்குள்ளேயே திரும்பி, தெற்கே புண்டா கோர்டா அருகே அடித்தது. அமெரிக்கப் புயல் மையத்தின் கூம்பு, புயலின் மையம் மூன்றில் இரண்டு முறை அதற்குள் இருக்கும் என்று மட்டுமே சொல்கிறது. காற்றும் மழையும் ஏறும் கடலும் வெளியேயும் வரும். கோடில்லாத படத்தைக் காட்டுங்கள்.

சொல்லையும் பாருங்கள். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் தாக்லோபானுக்கு "ஸ்டார்ம் சர்ஜ்" (புயல் தள்ளிக் கடல் ஊருக்குள் ஏறுவது) வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். அந்தச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள். தமிழில் "கடல் கொந்தளிப்பு" என்றால் தொழிலுக்குப் போக வேண்டாம் என்றுதான் காதில் விழும், வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று விழாது. "கடல் ஊருக்குள் ஏறும், இரண்டாவது கோடு வரை வரும், இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்விடுங்கள்" என்று சொல்லுங்கள். சுவர்க் கோடு இங்கே கைகொடுக்கும்.

வங்கதேசத்தில் 1970 புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டபின் அமைத்த தன்னார்வத் தொண்டர் அமைப்பு இன்றும் ஒலிபெருக்கியோடும் கொடிகளோடும் வீடு வீடாகப் போகிறது. மூன்று கொடி என்றால் பெரும் ஆபத்து. துறைமுகத்துக்கென்று வகுத்த எண்களைப் பாமரர் நினைவில் வைக்க வேண்டியதில்லை. போகிறவர் அடுத்த தெருக்காரர் என்பதுதான் அதன் பலம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குரல்பதிவு 45 வினாடிக்குள் இருக்கட்டும். முதல் மூச்சிலேயே தேதியும் நேரமும், கடைசியில் "நாளை காலை 6 மணிக்குப் பின் இது செல்லாது". படமாக அனுப்பினால் தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். கீழே தட்டச்சு செய்தது அடுத்த ஆள் அனுப்பும்போது கழன்றுவிடும். போன வருடப் புயல் இந்த வருடம் ஊரைச் சுற்றுவது இப்படித்தான்.

கேள்வி: ஊரை இடம்பெயர்ப்பது பற்றி எப்போது பேசலாம்?

பதில்: அவர்கள் தொடங்கும்வரை நீங்கள் தொடங்காதீர்கள். எங்கே நிலம், யார் பேரில் பட்டா, கடலுக்குப் போக வழி என்ன என்பதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் "இடம்பெயர்வு" என்று சொன்னால் ஊர் அதை வெளியேற்றம் என்றுதான் கேட்கும். அந்தப் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. ஊரே தொடங்கியதற்கு ஓர் உதாரணம் உண்டு: ஃபிஜியில் 2014இல் இடம்மாறிய வுனிதோகோலோவா கிராமத்தார் தாங்களே உதவி கேட்டவர்கள், பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தார்கள். கேள்வி அவர்களிடமிருந்து எழுந்தால் முதலில் சொல்ல வேண்டியது, முடிவெடுப்பது யார் என்பது. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் அதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டு, அதிகாரம் உள்ளவர் வரும் தேதியைக் கொடுங்கள்.