உளவியல் இளங்கலை மாணவருக்கு வழிகாட்டி எங்கே கிடைப்பார்?

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்துக்கு வெளியே அனுபவம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் சான்றிதழ் தரும் ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பில் சேரலாமா? எனக்கென்று ஒரு வழிகாட்டியை எப்படித் தேடுவது?

பதில்: அந்த இன்டர்ன்ஷிப் வேண்டாம். பதிவு செய்த விரிவுரைகளைப் பார்த்துவிட்டுச் சில கேள்விகளுக்கு விடையளிப்பதே இத்தகையவற்றில் பெரும்பாலும் நடக்கிறது. நீங்கள் செய்த வேலையை ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்துவது அரிதாகவே நடக்கும். மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (RCI) பதிவேட்டில் மருத்துவ உளவியலாளராக இடம்பெற, அந்த மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும்; இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அது அதற்கு ஈடாகாது. அந்தப் பணத்தைப் பேருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக வந்ததே திருச்சியில்தான். அதன் புறநோயாளர் பிரிவில் இளங்கலை மாணவரை உட்கார வைக்கமாட்டார்கள், வைக்கவும் கூடாது. ஆனால் பள்ளிகளிலும் கிராமங்களிலும் விழிப்புணர்வு முகாம் நடத்தும்போது உதவிக்கு ஆள் தேவைப்படுகிறதா என்று துறைத்தலைவரின் கடிதத்தோடு கேட்கலாம். எனினும் உங்கள் நிலையில் நான் முதலில் சொல்வது, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைகளில் அரை நாள் வீதம் ஓர் ஆண்டு முழுவதும் போய்வருவதுதான்.

அங்கே போனவுடன் பழகவேண்டியது கவனித்து எழுதும் கலை. "குழந்தை இன்று கோபமாக இருந்தான்" என்று பலரும் எழுதுவார்கள். "10.20-க்கு மணி அடித்ததும் இரு காதையும் பொத்திக்கொண்டான், கையிலிருந்த கட்டையை வாசல் பக்கம் எறிந்தான், ஆசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மீண்டும் கட்டையை எடுத்தான்" என்று எழுதினால்தான், கோபமா, சத்தம் தாங்காத தவிப்பா என்று சிறப்பாசிரியரால் உங்களோடு பேச முடியும். இந்தக் குறிப்பேட்டை வாரம் ஒருமுறை வாசித்துக் கேள்வி கேட்பவர் எவரோ, அவரே உங்கள் முதல் வழிகாட்டி. அவருக்குப் பேராசிரியர் பட்டம் இருக்கவேண்டும் என்பதில்லை. குறிப்பேட்டில் குழந்தையின் பெயரோ படமோ வேண்டாம். மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்களைக் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவருக்குத் தரும் உரிமை. பள்ளியிலும் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடியுங்கள். யாராவது "நீங்களே கவுன்சலிங் கொடுங்கள்" என்று சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கோடை விடுமுறையில் சென்னையில் தங்க வழியிருந்தால், மனச்சிதைவு நோய்க்கான ஆய்விலும் சிகிச்சையிலும் ஈடுபடும், 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் (SCARF), முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றில் இளங்கலை மாணவருக்கு இடமுண்டா என்று ஜனவரியிலேயே கடிதம் எழுதிக் கேளுங்கள். 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் ஸ்நேகா தன்னார்வலர்களால் நடப்பது. அந்தப் பணி மனத்தை அழுத்தக்கூடியது என்பதால் சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் அங்கே போக வேண்டாம்.

ஆய்வில் ஆர்வமிருந்தால் புதிதாக ஏதோ கண்டுபிடிக்கப் போகிறேன் என்று தொடங்காமல், வெளிவந்த ஆய்வு ஒன்றை மறுபடி செய்து பாருங்கள். 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவு மீண்டும் கிடைத்தது. ஆகவே மறுசெய்கை மாணவருக்கு ஒதுக்கப்பட்ட எடுபிடி வேலை அல்ல. இளங்கலை மாணவர்களுக்கென்றே 2013-இல் தொடங்கிய க்ரெப் (CREP) என்னும் பன்னாட்டு மறுசெய்கைத் திட்டத்தில், தரவு திரட்டுவதற்கு முன்பே உங்கள் கருவிகளையும் செய்முறைக் காணொளியையும் வெளியார் பார்த்துத் திருத்துவார்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரும் தேவை. கணக்கிட ஜாஸ்ப் (JASP) என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருள் போதும்.

ஆய்வு வழிகாட்டியைத் தேடும்போது பெயர்பெற்ற பேராசிரியருக்கு எழுதுவதைவிட, பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவருக்கு எழுதுவதில் பலன் அதிகம். தமிழில் எடுத்த நேர்காணலை எழுத்தாக்குவது, ஆய்வு வினாப்பட்டியலைத் தமிழாக்குவது, மூலத்தைப் பார்க்காத மற்றொருவர் அந்தத் தமிழை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து பிழை பிடிப்பது என்று அவர்களிடம் வேலை குவிந்திருக்கும்; நல்ல தமிழ் தெரிந்த மாணவருக்கு அங்கே மதிப்பு உண்டு. "உங்களிடம் கற்க விரும்புகிறேன் ஐயா" என்ற மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது. "உங்கள் கட்டுரையின் வினாப்பட்டியலில் 'எனக்கு மனம் சரியில்லை' என்ற தொடரைக் கிராமத்து முதியவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அறிய விரும்புகிறேன், வாரம் நான்கு மணி நேரம், மூன்று மாதம், எழுத்தாக்க வேலையில் உதவ முடியும்" என்று எழுதினால், என்ன பதில் சொல்வது என்பது அவருக்குத் தெளிவாக இருக்கும். கூடவே அரைப் பக்க எழுத்தாக்க மாதிரி ஒன்றை இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள். அதே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பாமல், அவருடைய ஆய்வைப் படித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.