சந்தியில் யார் முதலில்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

22 வருடங்கள் ரொறொன்ரோவில் வாழ்ந்துவிட்டுச் சென்ற தை மாதம் நானும் கணவரும் யாழ்ப்பாணத்தில் உள்ள கொக்குவிலுக்குத் திரும்பி வந்தோம். அங்கே பனியிலும் மழையிலும் ஒவ்வொரு நாளும் கார் ஓடியவள் நான். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இங்கே நான்கு மாதங்களுக்குள் இரண்டு முறை இடிபட்டுவிட்டேன். முதல் முறை, எதிரே வந்த பட்டா (சிறிய லொறி) வாகனக்காரர் இரண்டு தரம் வெளிச்சம் அடித்தார்; எனக்கு வழிவிடுகிறார் என்று எண்ணி வலப்பக்கம் திரும்பினேன், அவர் நிற்கவில்லை. இரண்டாம் முறை, திருநெல்வேலிச் சந்தியில் எல்லோரும் போய் முடியட்டும் என்று காத்து நின்றேன். யாரும் முடிக்கவில்லை, பின்னால் நின்ற ஓட்டோ வந்து முட்டியது.

சந்தியில் முறை என்று ஒன்று இல்லை. ஒழுங்கைக்குள்ளிருந்து வருபவர் பிரதான வீதியைப் பார்ப்பதே இல்லை. காரணமே இல்லாமல் ஹோர்ன் அடிக்கிறார்கள். எங்கள் சனத்துக்கு ஒழுக்கமே இல்லாமற் போய்விட்டதா? நானும் இவர்களைப் போலவே ஓடப் பழகவேண்டுமா, அல்லது அங்கே கற்றதை வைத்துக்கொண்டே சமாளிக்கலாமா? காரை விற்றுவிட்டு ஓட்டோவில் திரிவோம் என்கிறார் கணவர்.

இப்படிக்கு,
கொக்குவில் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது இரண்டு வருடங்களுக்கு முன்னர் கோண்டாவிலில் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. காங்கேசன்துறை வீதியில் நான் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன். இடப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், வேகத்தைச் சற்றும் குறைக்காமல் வீதிக்கு ஏறி, என் காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றது. நல்ல வேளையாக அந்த இளைஞருக்குக் காயம் இல்லை. நான் இறங்கி வாய் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் ஏன் ஹோர்ன் அடிக்கேல்லை?" என்று கேட்டார். தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன சாக்காக அது எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவருடைய முகத்தில் உண்மையான ஆதங்கம் இருந்தது. ஒழுங்கை வாயைக் கடப்பவர் தன் வரவை அறிவித்துவிட்டுத்தான் கடக்கவேண்டும், சத்தம் கேட்கவில்லையென்றால் வீதியில் எவரும் இல்லை என்பது அவர் வளர்ந்த சட்டம். வீட்டுக்கு வந்து நெடுநேரம் கோபத்தோடு இருந்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒழுங்கை வாய்களில் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினேன்.

நீங்கள் காரணமில்லாத சத்தம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த அறிவிப்புத்தான். ரொறொன்ரோவில் ஒருவர் ஹோர்ன் அடித்தால் அது உங்களைத் திட்டுவதற்குச் சமம். இங்கே குறுகிய ஒற்றைச் சத்தம் என்றால், நான் உங்களுக்குப் பின்னால் வருகிறேன், இப்போது முந்தப்போகிறேன், அந்தப் பக்கம் சரியாதீர்கள் என்று பொருள். அழுத்திப் பிடித்த நீண்ட சத்தம்தான் கோபம், அல்லது மினிபஸ். இந்த வேறுபாடு காதுக்குப் பழகிவிட்டால் பாதிக் களைப்புக் குறைந்துவிடும்.

வெளிச்சம் அடிப்பதில்தான் உங்களைப் போன்றவர்கள் மிகவும் ஏமாந்து போகிறார்கள், இதை நான் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அங்கே எதிரே வருபவர் வெளிச்சம் அடித்தால் நீங்கள் போங்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் அதற்கு நேர்மாறாக, நான் வருகிறேன், நீங்கள் நில்லுங்கள் என்பதே அதன் முதற்பொருள். குழப்பம் என்னவென்றால், நல்ல மனம் படைத்த சிலர் வழிவிடும்போதும் அதே வெளிச்சத்தைத்தான் அடிக்கிறார்கள். ஆகவே வெளிச்சத்தை நம்பாதீர்கள், அந்த வாகனத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள். உண்மையாகவே வேகத்தைக் குறைப்பவருடைய வாகனத்தின் மூக்குச் சற்றுத் தாழும். அவருடைய முகமோ கையோ உங்களை நோக்கி அசையும். இவை எதுவும் இல்லாமல் வெளிச்சம் மட்டும் வந்தால் பட்டாக்காரர் வந்துகொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். (பட்டப்பகலில், திரும்புவாரும் முந்துவாரும் இல்லாத நேரான வீதியில், எதிரே வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிச்சம் அடித்தால் அடுத்த முடக்கில் போக்குவரத்துப் பொலிசார் நிற்கிறார்கள். அந்த ஒரு விடயத்தில் எங்கள் சனத்தின் ஒற்றுமையை எவரும் குறை சொல்ல முடியாது.)

லொறிகளின் வலப்பக்கச் சமிக்ஞை விளக்கும் அப்படிப்பட்டதே. அது எரிந்தால் அவர் வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்றும் கொள்ளலாம், எதிரே வாகனம் வருகிறது, இப்போது முந்தாதே என்று உங்களுக்குச் சொல்கிறார் என்றும் கொள்ளலாம். இரண்டில் எதுவானாலும் முந்தாமல் இருப்பதே சரி என்பதால் இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

இனி ஒழுக்கம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் இல்லாதிருந்த காலத்துக்கும் முன்னரிருந்தே இந்த ஊர் வீதிகள் எப்படி இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். 1990இலிருந்து பல வருடங்கள் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் மருந்துபோல ஆகிவிட்டது. போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்கள் ஒழுங்கை முழுவதையும் புகையால் நிரப்பிக்கொண்டு போயின. மிகுதி எல்லாவற்றையும் சுமந்தது சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, காய்ச்சற்காரப் பிள்ளை, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண், 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் போருக்குத் தப்பி ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த இரவில் ஒரு குடும்பத்தின் வீடு முழுவதும் சைக்கிளின் பாரிலும் கரியரிலுமாகத்தான் போயின. ஒரு முழுத் தலைமுறை வீதியைப் படித்தது சைக்கிள் இருக்கையில் இருந்துதான்.

சைக்கிள்காரருக்கு வேகமாகப் போவதைவிட நிற்பதுதான் கடினம். நின்றால் காலை ஊன்றவேண்டும், பிறகு பாரத்தோடு மீண்டும் உழக்கி எழும்பவேண்டும். ஆகையால் அவர் சந்தியில் நிற்பதில்லை. சற்றுத் தளர்ந்து, எதிரே வருபவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் ஒருவரையொருவர் விலத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்டாரியோவின் நாற்புறத் தரிப்புச் சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போவார்; அதற்கு எல்லோரும் முழுமையாக நிற்கவேண்டும், யார் முதலில் வந்தார் என்று எல்லோரும் கவனித்திருக்கவேண்டும். எங்கள் சந்தியில் எவரும் நிற்காமலேயே எல்லோரும் போகிறார்கள். சைக்கிள் வேகத்தில் அது மிக அழகான ஏற்பாடாக இருந்தது என்பதற்கு நான் சாட்சி.

போர் முடிந்த பின்னர் தவணைப் பணத்துக்கு வாகனம் தரும் லீசிங் வந்தது, வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு ஸ்கூட்டியும் வந்தன. சைக்கிள் போனது, சைக்கிளின் பழக்கம் போகவில்லை. மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 3 மீற்றரைச் சற்றுக் கூடுதலாகக் கடக்கிறார். கண் பார்த்துத் தோள் சாய்த்து விலத்துவதற்கு அது போதும். 60இல் வருபவர் அதே நொடியில் 16 மீற்றருக்கு மேல் கடந்துவிடுகிறார். விலத்திவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் பழையபடியே இருக்கிறது. இதோடு மதில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னர் ஒழுங்கை மூலைகளில் கிளுவைக் கதியால் வேலிகள் இருந்தபோது இடைவெளிகளுக்குள்ளால் வருபவரின் நிழலாவது தெரியும். இன்று அந்த மூலைகளில், கோபிக்காதீர்கள், உங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டிய ஆளுயர மதில்கள் நிற்கின்றன. ஒழுங்கையிலிருந்து வருபவர் பிரதான வீதியைப் பார்க்கவேண்டுமானால் முன்சில்லை வீதிக்குள் நீட்டித்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் காரணமாகத்தான் சொல்கிறேன், நியாயமாகச் சொல்லவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கும்போது, பழைய சைக்கிள் நாட்களைப் பற்றி இப்படி உருகி எழுதுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? அவர்கள் பேசுவது உங்களுக்கு விளங்கவேண்டும், ஆனால் அவர்கள் ஓடுவதுபோல நீங்கள் ஓடத் தேவையில்லை. இடப்பக்கத்தால் முந்துவதையும், வளைவில் எதிர்ப்பக்கத்துக்கு ஏறுவதையும் எவருக்காகவும் பழகாதீர்கள். அதே வேளை, திருநெல்வேலிச் சந்தியில் நீங்கள் செய்தது போல முழுமையாக நின்று காத்திருப்பது இங்கே பணிவாகக் கருதப்படுவதில்லை. பின்னால் இருப்பவர் உங்கள் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைப்பார். சந்தை நேரத்தில் அங்கே நடந்துபோகும் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருங்கள். நீங்கள் நகர்வதைக் கண்டால் மோட்டார் சைக்கிள்கள் தாமாகவே உங்களுக்கு முன்னும் பின்னுமாகப் பிரியும். பலாலி வீதியைக் குறுக்கே கடக்கும் ஒரு பேருந்து கிடைத்தால் அதன் நிழலில் ஒட்டிக்கொண்டு போய்விடுவது நான் செய்யும் தந்திரம்.

மஞ்சள் கடவையில் பிள்ளைகளுக்காக நிற்பதைத் தயவுசெய்து கைவிடாதீர்கள், ஆனால் அங்கே நிற்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சட்டென்று நின்றால், ஏன் நின்றீர்கள் என்று தெரியாத பின்வாகனம் உங்களை விலத்திக்கொண்டு முன்னால் பாயும். கடவையில் இறங்கிய பிள்ளையை அடிப்பது அந்த வாகனம்தான். எனவே தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், கண்ணாடியை இறக்கி வலக்கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசையுங்கள். விளக்குச் சமிக்ஞையைக் கவனிக்காதவர்கூட ஒரு மனிதக் கையைக் கண்டால் நிற்கிறார். காலையில் பாடசாலை தொடங்கும் நேரத்திலும், பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும் நேரத்திலும், மாலையில் ரியூசன் முடிந்து பிள்ளைகள் மூன்று சைக்கிள்களை வரிசையாக விட்டுக் கதைத்துக்கொண்டு போகும் நேரத்திலும் இது மிகவும் தேவைப்படும்.

நீங்கள் கொக்குவிலில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். காங்கேசன்துறை வீதியிலிருந்து பலாலி வீதிக்குப் போகும் ஒழுங்கைகளில் தண்டவாளம் குறுக்கிடுகிறது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஐப்பசியில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, காங்கேசன்துறைக்கு 2015 தையில். இடைப்பட்ட 24 வருடங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் ஒழுங்கையின் ஒரு மேடு மட்டுமே. இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அப்போது புகையிரதமே இருக்கவில்லை. முன்னால் போகும் ஓட்டோ நிற்காமல் ஏறுகிறது என்பதற்காக நீங்களும் ஏறாதீர்கள். தண்டவாளக் கடவையில் மட்டும் ரொறொன்ரோவில் செய்வதுபோல முழுமையாக நில்லுங்கள், வானொலியை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். பின்னால் எவர் ஹோர்ன் அடித்தாலும் அடிக்கட்டும்.

இரவில் ஏ-9 வீதியில் ஆனையிறவு தாண்டி ஓடவேண்டாம் என்று சொல்வேன், குறைந்தது இந்த வருடம். கறுத்த மாடு தார் வீதியில் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. தை, மாசியில் வீதியின் பாதியில் நெல் காயும். நல்லூர்க் கொடியேறினால் 25 நாட்களும் கோவிலைச் சூழ்ந்த வீதிகளுக்குள் வாகனம் விடமாட்டார்கள் என்பதால், பருத்தித்துறை வீதியால் போவதற்கு வேறு பாதை ஒன்றை முன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஒருமுறை காரை வீட்டில் விட்டுவிட்டு நல்லூருக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஒழுக்கமில்லை என்று நீங்கள் எழுதிய அதே சனம், தள்ளுமுள்ளு இல்லாமல், சூடான மணலில் வெறுங்காலோடு வரிசையாகத் தேரைச் சுற்றி வருவதைக் காண்பீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு சிக்கலை நானே ஊகிக்கிறேன். ஜப்பான் காரில் சமிக்ஞைத் தண்டு வலக்கைப் பக்கம் இருப்பதால், திரும்புவதற்கு விளக்குப் போடப்போய் மழைத்துடைப்பானைப் போட்டுவிடுகிறீர்கள் அல்லவா? அது இரண்டு மாதத்தில் போய்விடும். அதைவிட ஆபத்தானது நடந்துபோகும்போதுதான். வீதியின் வலப்பக்கம் ஓடும் நாட்டில் 22 வருடங்கள் இருந்தவரின் தலை, வீதியைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம்தான் திரும்பும். இங்கே உங்களை முதலில் அடிக்கக்கூடிய வாகனம் வலப்பக்கமிருந்து வருகிறது.

காரை விற்கவேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள், ஓட்டோவில் போனாலும் இதே சந்திகளால்தான் போகவேண்டும். விற்பதற்குப் பதிலாக இன்னும் ஒரு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பண்ணைப் பாலத்தால் வேலணை வரை போய் வாருங்கள், கடற்காற்றும் இருக்கும், எதிரே வருபவர்களும் குறைவாக இருப்பார்கள். அதற்கு முன்னர் ஒன்று. இதுவரை கனடிய அனுமதிப்பத்திரத்தோடு மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அது தனியே இங்கே செல்லாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உள்ளூர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அது இல்லாமல் மூன்றாவது முறையும் இடிபட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான், ஆகவே வருகிற கிழமையே அந்த அலுவலைப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்