வாசகர் கேள்வி: விடிவதற்குள் மங்கிவிடும் செல்கள்

கேள்வி: உயிருள்ள செல்களை நுண்ணோக்கியில் இரவு முழுவதும் படமெடுக்க வைத்தால், காலையில் பாதிப் படங்கள் மங்கலாக இருக்கின்றன. கருவியில் கோளாறா?
- ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: பெரும்பாலும் கோளாறு வெப்பத்தில்தான் இருக்கும். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர் நீளும். ஆகவே 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகம் 2 மைக்ரோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்சின் குவிய ஆழமோ (படம் தெளிவாகத் தெரியும் உயர எல்லை) ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது என்பதால், அந்த ஒரு டிகிரியே படத்தைக் கெடுக்கப் போதும். தடித்த சுவரும் முற்றமும் கொண்ட நம் செட்டிநாட்டு வீடுகளில் வெப்பம் மெதுவாகவே மாறும். ஏசி விட்டுவிட்டு ஓடும் ஆய்வுக்கூடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனவே 37 டிகிரி வெப்பப்பெட்டியைப் பல மணி நேரம் முன்பே ஓடவிட்டு, செல் தட்டை வைத்த பிறகும் அரை மணி நேரமாவது பொறுத்து, அதன் பின்னரே குவியத்தைச் சரிசெய்யுங்கள். ஏசி காற்று நுண்ணோக்கியின் மேடைமீது நேராகப் படக் கூடாது. அகச்சிவப்பு ஒளியைக் கவர்கண்ணாடியில் (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி) பட்டுத் திரும்பச் செய்து, லென்சுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் காக்கும் அமைப்பு (நிக்கானின் பெர்ஃபெக்ட் ஃபோகஸ் போன்றது) இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது காப்பது கண்ணாடியின் தூரத்தை மட்டுமே. பிரியும் நேரத்தில் செல் உருண்டு மேலெழும்பினால் அதற்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு முறையும் மேலும் கீழுமாக இரண்டொரு படங்கள் கூடுதலாக எடுக்கலாம், ஒளி மிகுந்தால் செல்கள் வாடும் என்பதை மனத்தில் கொண்டு.