12.7 வோல்ட் காட்டும் படகு பேட்டரி இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறதா?

மீட்டரில் 12.7 வோல்ட் வருவதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். சார்ஜ் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. உங்கள் 100 ஆம்பியர்-அவர் (Ah) டீப் சைக்கிள் பேட்டரி (நீண்ட நேரம் மெதுவாக மின்சாரம் தரும் வகை), விளக்கும் எக்கோ சவுண்டரும் (தண்ணீரின் ஆழம் காட்டும் கருவி) போட்ட இரண்டு மணி நேரத்திலேயே படுத்துவிடுகிறது என்றால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாதி சார்ஜோடு வாரக்கணக்கில் சும்மா கிடக்கிற படகுகளில் இது நிறைய நடக்கும்.

முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றி, வயர்களைக் கழற்றி ஒரு இரவு விடுங்கள். அப்புறம் ஹைட்ரோமீட்டரால் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லையும் (தனித்தனி அறைகள்) பாருங்கள். 1.265 பக்கம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போய்விட்டது.

எல்லாம் சமமாக இருந்தால், 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை மாட்டி (சுமார் 5 ஆம்பியர் இழுக்கும்) 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரி 20 மணி நேரம் வரும், 10 மணி நேரம்தான் வந்தால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். கடையில் சில விநாடி பார்க்கிற லோட் டெஸ்ட் எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரிக்குச் சரி, இதற்கு அது போதாது.

10.5 தொட்டதும் நிறுத்தி உடனே சார்ஜில் போடுங்கள், அப்படியே விட்டால் இன்னும் கெடும். ஏஜிஎம், ஜெல் வகை (ஆசிட் வெளியே வராதபடி மூடி வைத்தவை) என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம், பல்பு சோதனை மட்டும் போதும். மற்ற வகையில் மூடியைத் திறக்கும்போது ஆசிட் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.